1950-களின் .38 ரிவால்வரை தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? மூன்றில் எது?

டல்லாஸ்_புதுசு:

வணக்கம். ரேஞ்சில் சுட்ட பழக்கம் இருக்கு, சொந்தமா ஒண்ணும் வாங்கினதில்லை. இங்க ஒரு கடைல பழைய சேகரிப்பு ஒண்ணு மொத்தமா விற்பனைக்கு வந்திருக்கு. அதுல மூணை எனக்காக ஒதுக்கி வெச்சிருக்காங்க.

ஒண்ணு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ், .38 ஸ்பெஷல், 4 அங்குலக் குழல். சீரியல் நம்பர் சி-ல ஆரம்பிக்குது. தோட்டா போடற சிலிண்டரைத் திறந்தா உள்ள மாடல் நம்பர் எதுவும் அடிக்கலை. இரண்டாவது, கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல், 2 அங்குலம், எஜெக்டர் ராடுக்கு (சுட்ட உறையை வெளிய தள்ற கம்பி) மேல மூடி கிடையாது. மூணாவது, சாம்பல் நிறத்துல ஒரு பழைய ஸ்மித், 2 அங்குலம். பிடிக்கு அடியில வி-ல தொடங்கற நம்பர், சிலிண்டர்ல பொடிப் பொடியா ஏதேதோ முத்திரை. விலை மத்ததுல பாதிதான், அதான் கண்ணு அதுமேலயே போகுது.

தினமும் வெச்சுக்கற மாதிரி, தற்காப்புக்கு நம்பற மாதிரி எது? வாங்கறதுக்கு முன்னாடி கடையிலேயே என்னென்ன பார்க்கணும்? அழுத்தம் கூடின பிளஸ் பி தோட்டா போடலாமா? எழுபது வருஷ ஸ்பிரிங்கை நம்பலாமா?


ஃபீலர்_கேஜ்:

மூணாவதை முதல்ல கழிச்சிடுவோம்.

வி நம்பர்னா விக்டரி மாடல், இரண்டாம் உலகப் போர்ல செஞ்சது. அதுல இரண்டு வகை. அமெரிக்கக் கடற்படைக்குப் போனது .38 ஸ்பெஷல். பிரிட்டனுக்கும் காமன்வெல்த்துக்கும் போனது .38 எஸ் அண்ட் டபிள்யூ, பெரும்பாலும் 5 அங்குலக் குழல். பேர் கிட்டத்தட்ட ஒண்ணுதான், தோட்டா வேற. போருக்கு அப்புறம் மூட்டை மூட்டையா திரும்பி வந்த பிரிட்டிஷ் துப்பாக்கிகளோட குழலை 2 அங்குலமா அறுத்து, சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற அறையை நீளமாக் குடைஞ்சு, ".38 ஸ்பெஷல்"னு சொல்லி வித்தாங்க. சிலிண்டர்ல இருக்கற பொடி முத்திரையை லென்ஸ் வெச்சுப் பாருங்க. .38, .767, 3½ டன்னு இருந்தா அது பிரிட்டிஷ் சோதனை முத்திரை. உங்க கைல இருக்கறது குடைஞ்ச உருப்படி.

குடைஞ்சா என்னன்னு கேக்கலாம். .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவோட அடிப்பகுதி 0.386 அங்குலம், .38 ஸ்பெஷல் 0.379. நீளத்தைக் குடையலாம், ஏற்கெனவே அகலமா இருக்கற அடியைச் சுருக்க முடியாது. அதனால சுட்டதும் பித்தளை உறை கீழ்ப்பக்கம் வயிறு ஊதின மாதிரி வெளிய வரும், சில சமயம் நெடுக்கப் பிளந்திருக்கும். குண்டோட அளவும் வித்தியாசம்: அந்தக் குழல் 0.361-க்கு, நீங்க போடறது 0.357 அல்லது 0.358. இலக்குல குண்டு சுத்தாமப் பக்கவாட்டுல விழுந்த ஓட்டைகூடப் பார்க்கலாம். குழலை அறுக்கும்போது எஜெக்டர் ராடோட முன்நுனியைப் பிடிக்கற பூட்டும் போயிடும். முன் குறியை யாரோ திரும்ப ஈயம் வெச்சு ஒட்டியிருப்பாங்க. பாதி விலைக்கு இதுதான் காரணம்.

அதைவிட முக்கியம், கீழே விழுந்தா வெடிக்குமாங்கறது. 1944 கடைசியில ஒரு போர்க்கப்பல் தளத்துல விக்டரி மாடல் ஒண்ணு கை தவறி விழுந்து, சுட்டு, ஒரு மாலுமி செத்துப்போனார். ஹேமருக்கும் (பின்னாலிருந்து அடிக்கற சுத்தி) ஃபிரேமுக்கும் (துப்பாக்கி உடம்பு) நடுவுல தடுப்பு அப்பவும் இருந்துச்சு. ஆனா அது மெல்லிசான ஸ்பிரிங் தகடு, கெட்டிப்பட்ட கிரீஸ்ல ஒட்டிக்கிச்சுன்னா வேலை செய்யாது. உடனே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வடிவத்தை மாத்தி, டிரிகரோடயே ஏறி இறங்கற கெட்டியான ஹேமர் பிளாக்கைப் போட்டாங்க. அப்படி மாறினதுக்கு அடையாளம் நம்பர்ல வி-யோட எஸ் சேர்றது. வெறும் வி-ன்னா பழைய தடுப்புன்னு வெச்சுக்கோங்க. அலமாரில வெச்சு அழகு பார்க்கலாம், ஆறு தோட்டாவும் போட்டு இடுப்புல செருகக் கூடாது.

உங்க முதல் துப்பாக்கி நல்ல தேர்வு. சி எழுத்து 1948-ல ஆரம்பிக்குது. மாடல் நம்பர் அடிக்க ஆரம்பிச்சது 1957-ல. நம்பர் இல்லேன்னா இரண்டுக்கும் நடுவுல உள்ளது. 1957-க்கு அப்புறம் இதே துப்பாக்கிக்குத்தான் மாடல் 10-னு பேர். ஹேமர் பிளாக் புதுசு, ஸ்டீல் ஃபிரேம், பாகம் இன்னிக்கும் கிடைக்கும். ஆனா வயசை விட்டுட்டு, இடையில யார் திறந்தாங்க, எதைத் தேய்ச்சாங்கன்னு பாருங்க. என் கணக்குல பழைய ரிவால்வர் கெட்டுப்போறது வருஷத்தால இல்ல, சமையலறை மேசைல உக்காந்து டிரிகரை லேசாக்கினவங்களால.

கடைக்குப் போறப்ப இடைவெளி அளக்கற ஒரு ஃபீலர் கேஜ், சின்ன டார்ச், ஆறு சுட்ட வெற்றுப் பித்தளை எடுத்துட்டுப் போங்க. அனுமதி கேட்டுக்கோங்க. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம்.

முதல்ல டைமிங், அதாவது அறை குழலுக்கு நேரா வந்து பூட்டற நேரம். வெற்றுப் பித்தளையை ஆறு அறையிலயும் போடுங்க. போடாமப் பார்த்தா எஜெக்டர் நட்சத்திரம் (உறைகளைத் தூக்கற நட்சத்திர வடிவத் தகடு) லேசா ஆடி, இல்லாத குறையைக் காட்டும். சிலிண்டர்மேல ஒரு விரலை லேசாத் தேய்க்கற மாதிரி வெச்சுக்கிட்டு, ஹேமரைக் கட்டை விரலால மெதுவா, ரொம்ப மெதுவாப் பின்னால இழுங்க. ஹேமர் முழுசா நிக்கறதுக்குள்ள, அல்லது நிக்கும்போதே, சிலிண்டர் பூட்டு பள்ளத்துல "டிக்"னு விழணும். ஹேமர் நின்ன அப்புறமும் சிலிண்டரைக் கையால தள்ளினாத்தான் பூட்டு விழுதுன்னா அந்த அறை தாமதம். ஆறையும் தனித்தனியாப் பாருங்க, சிலிண்டரைச் சுத்தற கொக்கி பிடிக்கற பல்லுக்குப் பல் தேய்மானம் மாறும். வேகமாச் சுடும்போது சிலிண்டரோட சொந்த வேகமே அதைத் தள்ளிப் பூட்டிடும், குறை வெளிய தெரியாது. மெதுவாச் செஞ்சாத்தான் தெரியும். அப்படியே விட்டா பிரைமர்ல (தோட்டா அடியில தீ மூட்டற மூடி) ஊசி ஓரமா அடிக்கும், குண்டு குழல் வாயில உரசி ஈயப்பொடி பக்கத்துல நிக்கறவர் மேல தெறிக்கும்.

அடுத்து, ஹேமரை நிறுத்திட்டு, டிரிகரைத் தொடாம, பின்னாலிருந்து கட்டை விரலால ஹேமரை முன்னால தள்ளுங்க. விழவே கூடாது. விழுந்தா யாரோ உள்ள ஹேமரைப் பிடிச்சு நிறுத்தற படியைத் தேய்ச்சிருக்காங்க. மேல பேச வேண்டாம், வெச்சிட்டு வாங்க.

ஹேமரை நிறுத்தின நிலையில அதோட முன்பக்கப் பள்ளத்துல, வலது ஓரமா டார்ச் அடிங்க. தட்டையான ஸ்டீல் பட்டை ஒண்ணு கீழ இறங்கியிருக்கும், டிரிகரை விட்டதும் மேல ஏறி வரும். அதுதான் ஹேமர் பிளாக். அதைக் கழட்டி எறிஞ்சிட்டு "இப்ப ஸ்மூத்தா இருக்கு"ன்னு சொல்ற ஆளுங்களும் உண்டு. வெறுமனே ஹேமரைத் தள்ளிப் பார்க்கறது மட்டும் போதாது, சுட்டதும் ஹேமரைப் பின்னுக்குத் தள்ற ரீபவுண்ட் ஸ்லைடே அதைத் தடுத்து நிறுத்திடும், பிளாக் இருக்கா இல்லையான்னு தெரியாது. கண்ணால பாருங்க.

குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி: 0.004-லிருந்து 0.008 அங்குலம் வரை நல்லது. 0.003-க்குக் கீழ போனா நாலு சுற்று சுட்டதும் கரி படிஞ்சு சிலிண்டர் இழுக்கும். 0.012 தாண்டினா வேண்டாம். சிலிண்டரை முன்னால தள்ளி ஒரு தடவை, பின்னால தள்ளி ஒரு தடவை அளங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். 0.003-க்கு மேல இருந்தா 0.002 அங்குல ஷிம் வளையம் போட்டுச் சரி பண்ணலாம், பெரிய செலவில்ல, ஆனா அதை விலையில குறைச்சுக் கேளுங்க.

குழலுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பாருங்க. நடுவுல மோதிரம் மாதிரி ஒரு கருப்பு நிழல் தெரிஞ்சா, எப்பவோ ஒரு குண்டு உள்ளயே நின்னு, அதுக்குப் பின்னால இன்னொண்ணு சுட்டிருக்காங்க. அது வீங்கின குழல்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. எஜெக்டர் ராடோட மரை அப்ப வலது மரை. சிலிண்டர் சுத்தற திசையிலயே அது கழண்டு வரும். ராடு ஒரு சுற்று நீண்டதும் முன்பூட்டுல போய் முட்டி, சிலிண்டரைத் திறக்கவே முடியாது. அதுவும் சுட்டு முடிச்சு, மறுபடி நிரப்ப வேண்டிய நேரத்துல. 1960 வாக்குல இடது மரையா மாத்தினதே இதுக்காகத்தான். வாங்கினா ராடைக் கழட்டி நீல லாக்டைட் (மரை கழலாமப் பிடிக்கற பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்க. இறுக்கும்போது அறைகள்ல வெற்றுப் பித்தளை இருக்கட்டும், இல்லேன்னா நட்சத்திரத்தைப் பிடிச்சிருக்கற குட்டி ஊசிகள் முறிஞ்சிடும்.


நாலங்குலம்:

மேல சொன்னவர் சொன்னதுல மாத்துக் கருத்து இல்லை. தோட்டாவைப் பத்தி மட்டும் சேர்க்கிறேன்.

.38 ஸ்பெஷலின் சாதாரண அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பிளஸ் பி 20,000. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையேட்டிலேயே 1958-க்கு முந்தைய நடுத்தர ஃபிரேம் ரிவால்வர்களில் பிளஸ் பி போடாதீர்கள் என்றும், மாடல் நம்பர் இல்லாததே அதற்கு அடையாளம் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்களுடையது அதுவேதான். பத்துத் தோட்டாவில் வெடித்துவிடாது. ஆனால் ஃபீலர்_கேஜ் அளக்கச் சொன்ன அந்த முன்பின் ஆட்டம் சீக்கிரம் வளரும். அந்த 3,000 பி.எஸ்.ஐ.யால் கிடைக்கும் லாபத்துக்கு இந்தத் தேய்மானம் கட்டுப்படியாகாது.

அப்படியானால் எதைப் போடுவது? பழைய 158 கிரெய்ன் (குண்டின் எடை) உருண்டைமுனை ஈயம் துல்லியமாகப் போகும், ஆனால் விரியாது, ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருப்பவர் வரை போகும். போலீஸ்காரர்கள் அதைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எஃப்.பி.ஐ. அளவுகோலில் சோதனை ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஆழம் வேண்டும். சாதாரண அழுத்தத்தில் ஹாலோ பாயிண்ட் (முனையில் குழிவுள்ள, பட்டதும் விரியும் குண்டு) வேண்டுமென்றால் ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் 110 கிரெய்ன் கிடைக்கிறது. 4 அங்குலக் குழலில் விரிவதற்கு வேகம் கிடைக்கும். 2 அங்குலத்தில் பல ஹாலோ பாயிண்ட்கள் துணியை வாயில் அடைத்துக்கொண்டு விரியாமலே போகும். அங்கே 148 கிரெய்ன் வாட்கட்டர்தான் என் தேர்வு. தட்டை முகம், உதைப்பு குறைவு, விரியாவிட்டாலும் கூர்மையாக வெட்டிக்கொண்டு ஆழம் போகும். ஒரே சங்கடம், மொட்டைத் தலை என்பதால் அவசரத்தில் அறைக்குள் நுழைய மறுக்கும். நிரப்பி வைக்க வாட்கட்டர், மறுநிரப்பலுக்கு உருண்டைமுனை என்று பிரித்துக்கொள்பவர்கள் உண்டு.

இன்னொன்று பலர் கவனிக்காதது. இந்தத் துப்பாக்கியின் குறி நகராது. தொழிற்சாலையில் 158 கிரெய்னுக்கு அமைத்தது. 110 கிரெய்ன் குண்டு வேகமாக, துப்பாக்கி உதைத்து மேலே எழும்புவதற்குள் வெளியேறிவிடும். அதனால் இலக்கில் தாழ்வாக விழும். 7 கஜத்தில் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், 15 கஜத்தில் அது வளரும். எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ, அதையே காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பிரிங் பற்றிக் கேட்டீர்கள். மெயின் ஸ்பிரிங் தட்டைத் தகடு, எழுபது வருடம் அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பிடியின் முன்பக்கம், கீழே, ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அந்தத் தகட்டை அழுத்திப் பிடிப்பது அதுதான். டிரிகர் லேசாகட்டும் என்று அதை அரைச் சுற்று தளர்த்திவிடுவார்கள், அல்லது நுனியை அராவிக் குட்டையாக்குவார்கள். மென்மையான பிரைமரில் சுடும். கெட்டியான பிரைமரில் "க்ளிக்" என்ற சத்தம் மட்டும் வரும். கழற்றி நீளத்தைப் பார்த்துவிட்டு அடிவரை இறுக்குங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்க்ரூ, மெயின் ஸ்பிரிங், ரீபவுண்ட் ஸ்பிரிங் மூன்றையும் தொழிற்சாலை அளவிலேயே புதிதாகப் போடுங்கள். "குறைந்த இழுவை" ஸ்பிரிங் செட் வாங்காதீர்கள், அது போட்டிக்கானது.

நம்பிக்கைக்கு என் கணக்கு: பயிற்சித் தோட்டா 200, அதன்பின் நீங்கள் வைத்துக்கொள்ளும் அதே தோட்டா 50. எல்லாம், ஹேமரைக் கையால் இழுக்காமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷனில். ஒரு முறை தவறினாலும் காரணம் தெரியும்வரை இடுப்புக்குப் போகக் கூடாது.


நீலப்பூச்சு:

கோல்ட் பற்றி யாரும் பேசவில்லையே. டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-லிருந்து வருவது. ஸ்மித்தின் ஜே ஃபிரேமை (அவர்களின் சின்ன ரிவால்வர் வரிசை) விடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா. ராடுக்கு மூடி இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் எழுபதுகளின் தொடக்கத்துக்கு முந்தையது. விழுந்தால் வெடிக்காத பூட்டு கோல்ட்டில் 1905-லிருந்தே உண்டு, அந்தக் கவலை இல்லை.

சிக்கல் வேறிடத்தில். ஸ்மித்தில் சிலிண்டரைத் தள்ளும் கொக்கி தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழைய கோல்ட்டில் டிரிகர் முழுக்கப் பின்னால் இருக்கும்போது கொக்கி பல்லை அழுத்திக்கொண்டே நிற்கும். அந்த நிலையில் சிலிண்டர் துளிகூட ஆடாது, இரும்புப் பெட்டி பூட்டின மாதிரி இருக்கும். கையில் பிடிக்க அருமை. ஆனால் ஒவ்வொரு சுடுதலிலும் அந்தக் கொக்கி அடிவாங்குகிறது. தேய்ந்தால் டைமிங் போகும். சோதனை இதுதான்: காலி என்று உறுதி செய்துவிட்டு, டிரிகரை முழுக்க இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு சிலிண்டரை இடவலமாக அசையுங்கள். ஸ்மித்தில் லேசான ஆட்டம் இயல்பு. இந்தக் கோல்ட்டில் ஆடினால் கொக்கிக்கு வேலை வந்துவிட்டது.

அந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஒற்றை வி வடிவ ஸ்பிரிங்தான் ஹேமரையும் பார்க்கிறது, ரீபவுண்டையும் பார்க்கிறது. அதைப் போய் வளைத்துப் "ட்யூன்" செய்தால் இரண்டும் கெடும். கோல்ட் டைமிங் சரியாக இருந்தால் வாங்குங்கள், மாதம் ஒரு முறை சுடுங்கள். வாரம் 100 தோட்டா பயிற்சி செய்யும் துப்பாக்கியாக வேண்டாம்.


டல்லாஸ்_புதுசு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னிக்குப் போய்ப் பார்த்தேன். சாம்பல் துப்பாக்கில .767, 3½ டன் ரெண்டுமே இருக்கு! கடைக்காரருக்கே தெரியலை.

4 அங்குலம்: இடைவெளி பின்னால 0.007, முன்னால 0.005. ஹேமர் தள்ளினா விழலை. ஹேமர் பிளாக் தெரியுது. டைமிங்ல ஐந்து அறை சரி, ஒண்ணு மட்டும் விரல் தேய்ச்சா தாமதமா பூட்டுது. பிடியில இருந்த ஸ்க்ரூ ஒரு முக்கால் சுற்று தளர்வு. கோல்ட், டிரிகரை இழுத்துப் பிடிச்சா நல்லாவே ஆடுது. அந்த ஒரு அறைக்காக ஸ்மித்தை விடணுமா?


ஃபீலர்_கேஜ்:

விட வேண்டாம். முன்பின் ஆட்டம் 0.002, அது நல்ல அளவு. ஒரு அறை மட்டும் தாமதம்னா அந்த ஒரு பல்லு தேய்ஞ்சிருக்கு. கொஞ்சம் அகலமான கொக்கி வாங்கி அந்த மோசமான பல்லுக்குப் பொருந்தற மாதிரி அராவணும். அப்ப மத்த ஐந்துல இறுக்கம் வருதான்னு பார்த்து அதையும் சரி பண்ணணும். ஸ்மித் தெரிஞ்ச கன்ஸ்மித்துக்கு (துப்பாக்கி பழுதுபார்க்கறவர்) ஒரு மணி நேர வேலை. விலையில அதைக் கழிச்சுக் கேளுங்க.

நீங்களே திறக்கணும்னு கை அரிச்சா ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: பக்கத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. ஸ்க்ரூக்களைக் கழட்டிட்டு, பிடிப் பக்கத்து ஃபிரேமை ஸ்க்ரூடிரைவரோட மரப்பிடியால தட்டினா தகடு அதிர்ந்து தானா எழும்பும். நெம்பின தகட்டோட ஓரம் ஆயுசுக்கும் காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரூக்களையும் கழட்டின வரிசையில வைங்க. சிலிண்டருக்குக் கீழ முன்னால இருக்கறது யோக்குக்குன்னு (சிலிண்டரை வெளிய திருப்பற கை) பொருத்தினது, இடம் மாறினா சிலிண்டர் திறக்கறதே கெடும்.


வடக்கு_ஆஸ்டின்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதைப் படிக்கிற நம்மவர்கள் நிறையப் பேருக்குத் தேவை என்பதால் சட்டம் கொஞ்சம்.

ஹெச்-1பி, எஃப்-1, எல்-1, ஹெச்-4 எதுவானாலும் குடியேறாதோர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் இதில் வரும். முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். தண்டனை 15 ஆண்டு வரை, அதோடு விசாவும் போகும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஒரே வீட்டில் ஒருவருக்கு கிரீன் கார்டு, மற்றவருக்கு ஹெச்-4 என்றால், பெட்டியின் சாவி யார் கைக்கு எட்டுகிறது என்பதே கேள்வியாகிவிடும்.

டெக்சாசில் 2021 செப்டம்பர் 1 முதல், தடை எதுவும் இல்லாத 21 வயதானவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். இருந்தும் உரிமம் எடுப்பது நல்லது. பள்ளிக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதற்கான கூட்டாட்சி விலக்கு உரிமம் உள்ளவருக்குத்தான். டல்லாசில் எந்தத் தெருவில் போனாலும் ஒரு பள்ளி வரும். வாசலில் சிவப்பில் 51% என்று போட்டிருந்தால் அது மது விற்பனையே பிரதானமான இடம், உரிமம் இருந்தாலும் உள்ளே கூடாது.


புது_ஒன்பது:

எல்லாரும் பழசைத் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள், ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும். அதே காசுக்கு 10, 12 தோட்டா கொள்ளும் புதிய 9 மி.மீ. பிஸ்டல் வரும். இருட்டில் தெரியும் குறி, விளக்கு மாட்ட இடம், நாளைக்கே கிடைக்கும் பாகம். 1950-இன் ஸ்மித்தில் முன் குறி கருப்பு ஸ்டீல் துண்டு, பின் குறி ஒரு கீறல். கருப்புச் சட்டைமேல் வைத்துக் குறி பாருங்கள், ஒன்றும் தெரியாது. குறைந்தபட்சம் முன் குறிக்கு வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, மேலே ஆரஞ்சு நெயில் பாலிஷாவது பூசுங்கள்.

இன்னொன்று: தற்காப்புக்குச் சுட நேர்ந்தால் துப்பாக்கி சாட்சியப் பொருளாகப் போலீஸிடம் போகும். எப்போது திரும்பும், துருப்பிடிக்காமல் திரும்புமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்படிப் போனால் மனசு வலிக்கும் துப்பாக்கியைத் தினசரிக்கு எடுக்காதீர்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் யாராவது விற்க வந்தால் இன்னும் ஜாக்கிரதை. கோல்ட் 1903-இல் ஊசியைத் தடுக்கும் பூட்டு இல்லை. செக்கோஸ்லோவாக்கிய பிஸ்டலான சிஇசட் 52-இல் ஹேமரை இறக்கும் லீவரே சுட்டுவிடுவதாகப் பேர் வாங்கியது. ரிவால்வரில், ஹேமரைக் கையால் இழுத்துச் சுடும் பழைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது 1973-க்கு முந்தையது, ஹேமருக்குக் கீழ் அறை காலியாக, ஐந்து தோட்டாவோடுதான் வைக்க வேண்டும். ரூகருக்கு அனுப்பினால் பாதுகாப்புப் பட்டையை இலவசமாகப் போட்டு, பழைய பாகங்களையும் பையில் போட்டுத் திருப்பித் தருகிறார்கள்.


நாலங்குலம்:

சாட்சியப் பொருள் விஷயம் சரியான பேச்சு. ஆனால் இந்த ஸ்மித் அபூர்வமல்ல, லட்சக்கணக்கில் செய்தது. போனால் இன்னொன்று வாங்கலாம்.

தோட்டா எண்ணிக்கையும் உண்மைதான், ஆறுதான். அதனால் மறுநிரப்பலைப் பழகுங்கள். ஹெச்கேஎஸ் 10-ஏ ஸ்பீட்லோடர் (ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்புவது) இந்த ஃபிரேமுக்கானது. பழைய மரப்பிடியின் இடப்பக்கம் ஸ்பீட்லோடருக்கு இடம் விடாது, தோட்டா பிடியில் இடித்துச் சாயும். இடப்பக்கம் குடைந்த பிடி போடுங்கள், அசல் பிடியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வெற்றுப் பித்தளையைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும், உள்ளங்கையால் ராடை ஒரே அடி. குழலைச் சாய்த்து மெதுவாக அழுத்தினால் எரியாத மருந்துத் துகள் நட்சத்திரத்துக்கு அடியில் விழும். இரண்டு துகள் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுற்றாது. பை ஓரத்தில் ஒரு பழைய பல்துலக்கி வைத்துக்கொண்டு, ரேஞ்சில் 50 தோட்டாவுக்கு ஒரு முறை நட்சத்திரத்தின் அடியைத் துடையுங்கள்.


கோவை_நூல்மில்:

ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தைங்க. இங்க லைசென்ஸ்ல பரம்பரையா வர்றது பெரும்பாலும் .32 ரிவால்வர், வெப்ளி அண்ட் ஸ்காட் மாதிரி நடுவுல மடிச்சுத் திறக்கறது. அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை .32-ம் அந்த வடிவத்தைப் பார்த்துச் செஞ்சதுதானுங்க. இதுல முதல்ல தேயறது மேல இருக்கற பூட்டும் மடக்குக் கீலும். பூட்டின அப்புறம் குழலைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசைச்சா கடகடன்னு ஆடக் கூடாது. ஆடினா ஒவ்வொரு தடவை சுடும்போதும் பூட்டு திறக்கப் பார்க்கும்.

லைசென்ஸ்தாரர் தவறிட்டா, வீட்டுப் பீரோல வெச்சிருக்காதீங்க. அடுத்தவர் பேர்ல லைசென்ஸ் வர்ற வரைக்கும் போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிடணும். ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்குலதான்.


டல்லாஸ்_புதுசு:

ஸ்மித்தை முடிச்சிட்டேன், கொக்கி வேலைக்குக் கழிச்சே கொடுத்தாங்க. கன்ஸ்மித் கைல இருக்கு. கடைசியா ஒண்ணு: நம்ம வெயில்ல, வியர்வைல ஸ்டீல் மேல இருக்கற இந்த நீலப்பூச்சு தாங்குமா?


நீலப்பூச்சு:

தானாகத் தாங்காது, நாம்தான் தாங்க வைக்கணும். துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை, மரப்பிடிக்கு அடியில். மாதம் ஒரு முறை பிடியைக் கழற்றி, ஃபிரேமில் மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்த்துவிடுங்கள். வெளிப்பக்கமும் மெழுகுதான், எண்ணெய் சட்டையில் போய்விடும். ராத்திரி தோல் உறையிலேயே விட்டுவிடாதீர்கள், தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் சிலிண்டர் அறைக்குள் போகவே கூடாது, பிரைமர் வழியாக உள்ளே இறங்கினால் தோட்டா செத்துவிடும். துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் ஆறு அறையையும் ஒத்தி எடுத்த பிறகு நிரப்புங்கள். இடுப்பில் இருக்கும் தோட்டாவை வருடம் ஒரு முறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்து, புதுசு போடுங்கள்.


ஃபீலர்_கேஜ்:

கன்ஸ்மித் கிட்டேருந்து வாங்கும்போது அங்கேயே வெற்றுப் பித்தளை போட்டு ஆறு அறையும் மெதுவாப் பாருங்க. சரி பண்ணின அந்த ஒண்ணை மட்டும் காட்டுவாங்க, மத்த ஐந்தையும் காட்டச் சொல்லுங்க. ராடுக்கு லாக்டைட் போட்டாச்சான்னும் கேட்டுடுங்க.